கௌரியம்மா போட்ட சட்டமும் கௌரியம்மா போட்ட எதிர் ஓட்டும்

#1 | கொழிஞ்சாம்பாறை

பக்கத்து இழையில் "நல்ல எம்.எல்.ஏ. யார்" என்று ஆரம்பித்து, ஆளாளுக்குத் தார்ச்சாலை, சமுதாயக்கூடம், பயணியர் நிழற்குடை என்று கணக்குச் சொல்லி முடித்துவிட்டீர்கள். நிழற்குடையில் பெயர் எழுதிக்கொள்வதற்கா ஒருத்தரை ஓட்டுப் போட்டு அனுப்புகிறோம்? சட்டமன்றத்துக்குப் போகிறவருக்குச் சட்டம்தான் வேலை. அதை மட்டும் வைத்து ஓர் ஆளை எடை போட்டுப் பார்ப்போமே. நான் எடுத்துக்கொள்வது எங்கள் மாநிலத்து ஆள், கே.ஆர். கௌரியம்மா.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1919 ஜூலை 14இல் சேர்த்தலை பக்கம் பட்டணக்காட்டில் பிறந்தவர். ஈழவக் குடும்பம். எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி, பிறகு சட்டப்படிப்பு. அண்ணன் சுகுமாரன் தொழிற்சங்க ஆள். அவர் வழியாகத்தான் இவருக்கும் அரசியல். 1948 தேர்தலில் தோல்வி, பிறகு ஜெயில். 1952, 1954 இரண்டு முறையும் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்கு ஜெயித்துப் போனார். 1957இல் கேரளத்தின் முதல் தேர்தல். கம்யூனிஸ்ட் முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் மொத்தம் 11 பேர், அதில் ஒரே பெண் இவர். கொடுத்த துறை வருவாய். அப்போது அவருக்கு 38 வயதுகூட முடியவில்லை.

அமைச்சரவை பதவியேற்றது ஏப்ரல் 5. ஏப்ரல் 11இல் அவசரச் சட்டம் வந்துவிட்டது: யாரையும் நிலத்திலிருந்தோ குடிசையிலிருந்தோ வெளியேற்றக் கூடாது, நடந்துகொண்டிருக்கும் வெளியேற்ற வழக்குகளும் அப்படியே நிற்கட்டும் என்று.

அந்தக் காலத்து நிலவரம் தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். நிலம் ஜன்மியின், அதாவது நிலப்பிரபுவின் பெயரில். உழுகிறவன் பாட்டம், அதாவது குத்தகை, அளப்பான். அதே நிலத்தின் மூலையில் குடிசை போட்டுக்கொண்டு, ஜன்மி வீட்டில் கூப்பிட்ட நேரத்துக்கு ஓடுகிறவன் குடிகிடப்புக்காரன். ஜன்மிக்குக் கோபம் வந்தால் ஒரே ராத்திரியில் ஓலையைப் பிரித்துப் போடலாம், கேட்க நாதி கிடையாது. ஆறே நாளில் அந்தக் கைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

முழு மசோதாவை அதே வருஷம் டிசம்பர் 21இல் சபையில் வைத்தார். 1959 ஜூன் 10இல் நிறைவேறியது. ஜூலை 31இல் மத்திய அரசு கேரள அரசையே கலைத்துவிட்டது.

இனி நீங்கள் பேசுங்கள்.

#2 | நாஞ்சிலான்

நல்ல ஆளைத்தான் எடுத்திருக்கீங்க அண்ணாச்சி. இதில எங்க ஊர் ஆற்றாமை ஒண்ணு இருக்கு, சொல்லிடுதேன்.

திருவிதாங்கூர்-கொச்சி சபையில் கௌரியம்மா உட்கார்ந்திருந்த அதே காலத்தில்தான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தாங்க. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோட சேர்ந்தது. அதுக்காகத் தடியடியும் துப்பாக்கிச் சூடும் பட்ட மண் இது, அந்தப் பெருமையைக் குறைக்க மாட்டேன். ஆனா தேதியைப் பாருங்க. நவம்பரில் நாங்க இங்க வந்தாச்சு, ஏப்ரலில் அங்க வெளியேற்றத் தடை. அஞ்சே மாசம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் குடிசைக்காரனைத் தொட முடியாது, இந்தப் பக்கம் வேற சட்டம். எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒரே குடும்பத்துச் சொந்தக்காரங்க இருந்தாங்க. மொழி கிடைச்சது சரி, இதைப் பத்தி யாருமே பேசுறதில்ல.

#3 | தேரடி திருவாரூர்

புகழுரை போதும் தோழர்களே, கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஒன்று: 1959 சட்டம் அமலுக்கே வரவில்லை. அரசு கலைந்தது, சட்டம் டெல்லியிலிருந்து திரும்பி வந்தது. ஜெயிக்காத சட்டத்துக்கு என்ன மாலை?

இரண்டு: தமிழ்நாட்டில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு தொனி எப்போதும் இந்தப் பேச்சில் வரும். தஞ்சைக்கு 1952இலேயே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) உச்சவரம்பு, 1970இல் அதை 15 ஆக்கினார்கள். குடியிருப்பு மனையைக் குடியிருப்பவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971. எங்கள் மாவட்டத்தில் அந்த மனையில் வீடு கட்டி வாழ்கிறவர்கள் தெருத் தெருவாக இருக்கிறார்கள்.

மூன்று: நிலச்சீர்திருத்தம் என்பது வருவாய் அமைச்சர் ஒருவர் ராத்திரி விளக்கு வைத்து எழுதியது இல்லை. அதற்குப் பின்னால் கட்சி, விவசாய சங்கம், 1946 புன்னப்புரை வயலார் எழுச்சியில் விழுந்த பிணங்கள். இதை ஒற்றை எம்.எல்.ஏ.வின் சாதனை என்று எழுதினால் எனக்கு உவப்பில்லை.

#4 | வக்கீல் குமாஸ்தா

தேரடி சொன்னது: "ஜெயிக்காத சட்டத்துக்கு என்ன மாலை?"

கட்டை வண்டி மாதிரி உருண்ட கதை ஐயா அது, பாதியில் இறங்கிவிடாதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

1959 மசோதா திரும்பி வந்தது. அடுத்த அரசு அதைக் கொஞ்சம் தேய்த்து மழுக்கி நிறைவேற்ற, 1961இல் சட்டமானது. அதே டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கரிம்பில் குஞ்ஞிகோமன் வழக்கில் அதன் பல்லைப் பிடுங்கியது. வழக்குப் போட்டவர்கள் காசர்கோடு, ஹொஸ்துர்க் பக்கத்து ரயத்துவாரி (அரசுக்கே நேராக வரி கட்டும் முறை) நிலக்காரர்கள். அதாவது 1956 வரை சென்னை மாநிலத்தில் தென் கன்னடமாக இருந்த பகுதி. கேரளச் சட்டத்தைக் கவிழ்த்த ஓட்டை நம் பழைய வருவாய் முறையில் இருந்தது!

அப்புறம் 1963 நிலச்சீர்திருத்தச் சட்டம், காங்கிரஸ் அரசு கொண்டுவந்தது. விதிவிலக்கு அதிகம். 1967இல் இ.எம்.எஸ். மறுபடி முதல்வர், கௌரியம்மா மறுபடி வருவாய். இந்த முறை அவர் புதுச் சட்டம் எழுதவில்லை. இருக்கிற 1963 சட்டத்தையே எடுத்து, உள்ளுக்குள் ஒவ்வொரு பிரிவாக மாற்றினார். தொழில் தெரிந்தவர் செய்கிற வேலை அது. புதுச் சட்டம் என்றால் முதல் வரியிலிருந்து சண்டை, திருத்தம் என்றால் நிற்கிற சுவரில் கல்லை மாற்றலாம். 1969 அக்டோபரில் சபை அதை நிறைவேற்றியது. அதே மாதம் அரசு கவிழ்ந்தது. அந்தம்மா கொண்டுவந்த நிலச் சட்டம் நிறைவேறியதும் அரசு போவது இரண்டாம் முறை.

அமலுக்கு வந்தது 1970 ஜனவரி 1, சி.பி.ஐ.யின் அச்சுத மேனன் முதல்வராக இருந்தபோது. அன்றோடு பாட்டக் குத்தகையே கேரளத்தில் செத்தது. ஜன்மியின் உரிமை அரசுக்குப் போய், உழுகிறவன் விலை கட்டிப் பட்டயம் வாங்கலாம் என்றானது. குடிகிடப்புக்காரனுக்குக் கிராமப் பஞ்சாயத்தில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், பெரிய நகரத்தில் 3 சென்ட். ஐந்து பேர் வரை உள்ள குடும்பத்துக்கு உச்சவரம்பு 10 ஸ்டாண்டர்டு ஏக்கர்.

இதோடு முடிந்ததா? இல்லை. காசர்கோடு எடநீர் மடத்தின் தலைவர் மடத்து நிலம் போகிறதென்று உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே 1972இல் 29ஆவது திருத்தம் போட்டுக் கேரளச் சட்டத்தை, நீதிமன்றம் தொடாமல் காக்கிற ஒன்பதாம் அட்டவணைக்குள் வைத்தார்கள். அந்தச் சாமியார் பெயர் கேசவானந்த பாரதி. 13 நீதிபதிகள், 68 நாள் விசாரணை, 1973 ஏப்ரல் 24இல் தீர்ப்பு, ஏழுக்கு ஆறு. அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம்கூடக் கை வைக்க முடியாது என்று இன்று நாம் எல்லோரும் பேசுகிறோமே, அதன் வேர் சேர்த்தலைக்காரி திருத்தி எழுதிய நிலச் சட்டத்தில் இருக்கிறது. எங்கள் ஆபீஸில் சட்டம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்குக் கேசவானந்தா மனப்பாடம், எந்தச் சட்டத்தை எதிர்த்து அந்த வழக்கு வந்தது என்று கேட்டால் மேலே ஃபேனைப் பார்க்கிறார்கள்.

#5 | தேரடி திருவாரூர்

குமாஸ்தா ஐயா, காசர்கோட்டு விஷயம் எனக்குப் புதுசு, நன்றி. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: அமல்படுத்தியது அச்சுத மேனன். 2020 ஜனவரியில் நிலச்சீர்திருத்தத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் சி.பி.எம். முதல்வர் பினராயி பேசும்போது அச்சுத மேனன் பெயரைச் சொல்லாமல் விட, சி.பி.ஐ.காரர்கள் கொதித்துப் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? கூட்டணிக்குள்ளேயே தீராத பங்காளிச் சண்டை இது. நாம் ஏன் ஒரு பக்கம் சாய வேண்டும்?

#6 | கொழிஞ்சாம்பாறை

சாய வேண்டாம். இரண்டு பேரும் ஓரளவுக்கு மேல் உரிமை கொண்டாட முடியாத அளவுக்கு மூன்றாவது ஒரு கூட்டம் இருந்தது. 1969 டிசம்பரில் ஆலப்புழை அரவுக்காட்டில் மாநாடு போட்டு, சர்க்கார் காகிதம் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஜனவரி பிறந்ததும் குடிசைக்காரர்கள் தாங்களே தங்கள் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் அளந்து வேலி கட்டினார்கள். வேலிக்குள் இருந்த தென்னையில் ஏறித் தேங்காய் பறித்தார்கள். அதுவரை அந்த மரத்தடியில் விழுந்த மட்டையை எடுக்கவே ஜன்மி வீட்டில் கேட்க வேண்டும். போலீஸ் வந்தது, கைது நடந்தது. சட்டப் புத்தகத்தில் 10 சென்ட் என்று ஒரு வரி. அது நிலத்தில் கயிறும் முளைக்குச்சியுமாக மாறியது இப்படித்தான்.

ஆனாலும் அந்த ஒரு வரி இல்லையென்றால் வேலி கட்டியவன் வெறும் அத்துமீறல்காரன். நான் சொல்ல வருவது அதைத்தான்.

#7 | பொன்னி

ஆம்பளைங்க எல்லாம் சட்டப்பிரிவு பேசுறீங்க. அந்தம்மா என்ன பாடுபட்டு அங்க உட்கார்ந்தாங்கன்னு ஒருத்தரும் எழுதலையே.

1957 கேரள சட்டமன்றத்துல பெண்கள் மொத்தமே ஆறு பேர். 1959 விமோசன சமரத்துல, அதான் அரசைக் கலைக்கச் சொல்லி நாயர் சர்வீஸ் சொசைட்டியும் கத்தோலிக்க சபையும் காங்கிரசும் சேர்ந்து நடத்தின போராட்டத்துல, கௌரியம்மாவோட சாதியைச் சொல்லி, உடம்பைச் சொல்லித் தெருவுல கோஷம் போட்டாங்க. அந்தக் கோஷத்தை இங்க எழுத எனக்குக் கை வரல. கல்வி அமைச்சர் முண்டசேரி மேலயும் கோபம் இருந்துச்சு, ஆனா அவரை இப்படிப் பேசல.

போலீஸ் கையால அடி வாங்கினதைப் பத்தி அவங்க சொன்னது கேரளாவுல எல்லாருக்கும் தெரியும்: லத்திக்குப் பிள்ளை கொடுக்கிற சக்தி இருந்திருந்தா நான் எத்தனையோ லத்திக் குஞ்சுகளைப் பெத்திருப்பேன்னு. அதை அவங்க அழுதுக்கிட்டுச் சொல்லல, நக்கலாச் சொன்னாங்க.

கல்யாணம் 1957ல, அதே அமைச்சரவையில இருந்த டி.வி. தாமஸோட. அவர் கிறிஸ்தவர், இவங்க ஈழவர், கட்சியே நடத்தி வச்ச கல்யாணம். 1964ல கட்சி ரெண்டாச்சு. அவர் சி.பி.ஐ., இவங்க சி.பி.எம். 1967ல ரெண்டு பேரும் ஒரே அமைச்சரவையில மறுபடி மந்திரி, ஆனா வேற வேற கட்சி. வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு ஊரே கதை கட்டுச்சு. நான் அதுக்குள்ள போகல. 1977 மார்ச்சுல தாமஸ் போயிட்டார். அதே வருஷத் தேர்தல்லதான் இவங்க அரூர்ல தோத்தாங்க. (நம்ம தர்மபுரி அரூர் இல்ல, கொச்சிக்குத் தெக்கால இருக்கிறது.)

1987 தேர்தல்ல தெருத் தெருவா என்ன கோஷம்? தென்னை செழிச்ச கேரள நாட்டைக் கே.ஆர். கௌரி ஆளட்டும்னு. ஜெயிச்சாங்க. முதல்வர் நாற்காலியில உட்கார்ந்தது ஈ.கே. நாயனார். இவங்களுக்குத் தொழில்துறை. இத்தனை வருஷத்துல கேரளாவுக்கு ஒரு பெண் முதல்வர்கூட வரல. படிப்பறிவுல முதலிடம்னு பேசும்போது இதையும் சேர்த்துப் பேசணும்.

#8 | தேரடி திருவாரூர்

பொன்னி அக்கா, பெண் என்பதால் என்றால் ஒப்புக்கொள்கிறேன். சாதியால்தான் முதல்வர் பதவி போனது என்ற பேச்சும் சேர்ந்தே வரும், அதற்கு மட்டும் முன்கூட்டியே பதில். காங்கிரசின் ஆர். சங்கர் ஈழவர், 1962இலேயே முதல்வர். வி.எஸ். அச்சுதானந்தன் அதே ஆலப்புழை, அதே சமூகம், அதே கட்சி, 2006இல் முதல்வர். எனவே ஒரே காரணத்தில் முடிச்சுப் போட முடியாது.

இன்னொன்று. 1994 ஜனவரியில் கட்சி அவரை நீக்கியது. காங்கிரஸ் முதல்வர் கருணாகரனின் அரசு அமைத்த ஆலப்புழை வளர்ச்சிக் குழுவின் தலைமையை விட மறுத்ததில் முற்றிய சண்டை. சரி, கட்சி செய்தது அநியாயம் என்றே வைத்துக்கொள்வோம். மார்ச்சில் ஜனாதிபத்திய சம்ரட்சண சமிதி (ஜனநாயகப் பாதுகாப்புச் சமிதி) என்று தனிக் கட்சி. பிறகு எந்தக் காங்கிரஸ் தன் அரசைக் கவிழ்த்ததோ அதே காங்கிரஸ் கூட்டணியில் சேர்ந்து 2001இல் ஆண்டனி அமைச்சரவையில் விவசாயம். இதற்கு என்ன பெயர்?

#9 | பொன்னி

பொழப்புன்னு பேர் வச்சுக்கோங்க தம்பி. எழுபத்தஞ்சு வயசுல வீட்டை விட்டுத் துரத்தினா, பக்கத்து வீட்டுத் திண்ணையில உட்காரக்கூட உங்ககிட்ட அனுமதி கேட்கணுமா? அரூர் ஜனங்க 1996லயும் 2001லயும் அந்தம்மாவைத்தானே ஜெயிக்க வச்சாங்க? கட்சிச் சின்னம் போச்சு, ஓட்டு போகலையே.

#10 | லயத்துக்காரன்

ரொம்ப நாளா வாசிக்க மட்டும் செய்யுறவன். இதுல எழுதாம இருக்க முடியல. எங்க ஊர் மூணாறு. நாலு தலைமுறையாத் தேயிலை. பாட்டன் திருநெல்வேலிச் சீமையில இருந்து கங்காணி கூட்டிட்டு வந்து மலை ஏறினவர்.

பத்து சென்ட், பத்து சென்ட்னு எல்லாரும் சொல்றீங்க. எங்களுக்கு அரை சென்ட் இல்ல. எஸ்டேட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. லயம்னா என்னன்னு பார்க்காதவங்களுக்கு: ஒரே நீளமான கட்டடம், வரிசையா கதவு, ஒரு கதவுக்கு ஒரு குடும்பம், ஒரு ரூம்பு, ஒரு அடுப்படி. ரெண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒண்ணுதான், அந்த வீட்டுல இருமினா இந்த வீட்டுல குழந்தை முழிக்கும். வேலை இருக்கிற வரைக்கும் அது வீடு. ரிட்டயர் ஆனா, மகனோ மகளோ பேர் எழுதி மலையில ஏறணும், இல்லன்னா பொட்டியைக் கட்டணும். அம்பது அறுபது வருஷம் கிள்ளின கைக்கு ஒரு மண்ணும் சொந்தமில்ல.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில மலை இறங்குச்சு. 70 உயிர். எல்லாம் லயத்துல தூங்கிட்டிருந்த தமிழ் ஜனங்க. சொந்தமா ஒரு துண்டு மண் வேற எங்கயாச்சும் இருந்திருந்தா அத்தனை பேரும் அந்த ஓடை ஓரத்துலயா படுத்திருப்பாங்க?

இத்தனைக்கும் கம்யூனிஸ்டுக்கு உயிரைக் கொடுத்து வேலை பார்த்த மலை இது. 1957ல தேவிகுளத்துல ரோசம்மா புன்னூஸ் ஜெயிச்சது செல்லாதுன்னு ஆகி, 1958ல இடைத்தேர்தல் வந்துச்சு. பாவலர் வரதராசன் பாட்டுப் பாடி ஓட்டுக் கேட்டார், தம்பி இளையராஜாவும் கூட வந்தார். ரோசம்மா ஜெயிச்சாங்க. எங்க ஊர்ப் பெரியவங்க இன்னமும் சொல்வாங்க. பாட்டு எங்களோடது, ஓட்டு எங்களோடது, பட்டயம் மட்டும் சமவெளிக்காரனோடது.

கௌரியம்மா மேல எனக்குக் கோபமில்ல. ஆனா சட்டத்தை வச்சு எடை போடுறீங்கன்னா இதையும் தட்டுல வைங்க.

#11 | வக்கீல் குமாஸ்தா

தம்பி, நீங்கள் எழுதியது நூற்றுக்கு நூறு சரி. தோட்டங்களுக்கு விலக்கு 1963 சட்டத்தின் 81ஆவது பிரிவில் இருக்கிறது. அதைக் காங்கிரஸ் தலையில் மட்டும் கட்ட முடியாது, 1957 மசோதாவிலேயே தேயிலை, காப்பி, ரப்பர் தோட்டங்களைத் தொடவில்லை. அன்னியச் செலாவணி, துண்டு போட்டால் உற்பத்தி விழும் என்று அன்றைய காரணங்கள். ஆலை போட பிர்லாவை மாவூருக்குக் கூப்பிட்டு மூங்கில் கொடுத்த அரசும் அதேதான். முதலாளியை மலையில் விட்டுவிட்டு ஜன்மியை வயலில் பிடித்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நிலம் குத்தகைக்காரனுக்குப் போனது. அந்தக் குத்தகைக்காரனின் வயலில் கூலிக்கு இறங்கிய புலையருக்கும் பறையருக்கும் வந்தது அந்தப் பத்து சென்ட்தான். பத்து சென்ட்டில் கூரை போடலாம், விதைக்க முடியாது. 2007இல் செங்கறையில் எஸ்டேட்டுக்குள் குடிசை போட்டு உட்கார்ந்தவர்கள் அதைத்தான் கேட்டார்கள்: எங்களுக்கு வேண்டியது வீடு அல்ல, வயல் என்று.

#12 | நாஞ்சிலான்

லயத்துக்காரரே, நீங்க இன்னும் எழுதணும். ரெண்டு வரியில முடிச்சிட்டுப் போயிராதீங்க.

#13 | கொழிஞ்சாம்பாறை

லயத்துக்காரருக்கு மறுப்பு என்னிடம் இல்லை. அந்தத் தட்டில் அது இருக்கட்டும். இன்னொரு தட்டில் நான் வைக்க நினைத்ததை இப்போது வைக்கிறேன். இந்த இழையையே அதற்காகத்தான் தொடங்கினேன்.

1975இல் கேரளம் ஆதிவாசி நிலச் சட்டம் ஒன்று போட்டது. 1960க்குப் பிறகு ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிய நிலம் எல்லாம் செல்லாது, திருப்பிக் கொடு என்று. தேன் மாதிரி சட்டம். ஆனால் அதற்கு விதிமுறை எழுதவே 1986 ஆனது. எழுதிய பிறகும் ஒருவரும் அசையவில்லை. வயநாட்டிலிருந்து ஒரு டாக்டர், நல்லதம்பி தேரா, உயர் நீதிமன்றம் போனார். 1993இல் நீதிமன்றம் அமல்படுத்து என்றது. அவகாசம், அவகாசம் என்று அரசுகள் மாறி மாறி இழுத்தன. ஏனென்றால் அட்டப்பாடியிலும் வயநாட்டிலும் குடியேறியவர்களின் ஓட்டு எண்ணிக்கையில் அதிகம், ஆதிவாசி ஓட்டு சொற்பம். அட்டப்பாடிக்கு ஆனைகட்டி வழியாகப் போகிற நம் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அந்த மலையின் நிலவரம் தெரிந்திருக்கும். குடியேறியவர்களில் தமிழர்களும் உண்டு, அதை மறைக்க வேண்டாம்.

1996இல் நாயனார் அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது: 1986 ஜனவரி 24 வரை கைமாறிய நிலத்தைத் திருப்ப வேண்டாம். அதாவது நீதிமன்றம் கொடு என்று சொன்னதைக் கொடுக்காமல் இருக்க ஒரு சட்டம். இடது முன்னணி ஆதரவு. எதிர்க்கட்சியும் ஆதரவு. 140 பேர் சபையில் எதிர்த்தவர் ஒரே ஒருவர். அரூர் உறுப்பினர், வயது 77.

குடியரசுத் தலைவர் அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் தரவில்லை. பிறகு 1999இல் வேறு வழியில் வேறு சட்டம் வந்து, இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர்களைக் காப்பாற்றியது. அது தனிக் கதை.

இப்போது தேரடி கேட்ட "இதற்கு என்ன பெயர்" என்பதற்கு வருகிறேன். 1957 சட்டம் எழுத அவருக்குப் பின்னால் கட்சி இருந்தே ஆக வேண்டும், அறுபத்துச் சொச்சம் கை தூக்கினால்தான் மசோதா நகரும். 1996இல் கையைத் தூக்காமல் இருக்க, கட்சிக்கு வெளியே இருந்தே ஆக வேண்டும். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். 1994இல் கட்சி அவரை நீக்காமல் உள்ளேயே வைத்திருந்தால், அந்த எதிர் ஓட்டு சபைக் குறிப்பில் ஏறியிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

#14 | தேரடி திருவாரூர்

கை தட்டலாம்தான். தட்டிவிட்டு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2003 பிப்ரவரி 19. வயநாட்டு முத்தங்கா. வாக்குறுதி கொடுத்த நிலம் வரவில்லை என்று சி.கே. ஜானுவின் தலைமையில் காட்டுக்குள் குடிசை போட்ட ஆதிவாசிகள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஆண்டனி முதல்வர். அந்த அமைச்சரவையில் விவசாயத் துறை யாரிடம்? 1996இல் தனியாக எதிர்த்த அதே கௌரியம்மாவிடம். அவர் பதவி விலகவில்லை. 2004இல் உம்மன் சாண்டி வந்தபோதும் அமைச்சராகத் தொடர்ந்தார், 2006 வரை.

கொறடா இல்லாத ஆள், தனிக் கட்சித் தலைவி. இப்போது எது தடுத்தது?

#15 | கொழிஞ்சாம்பாறை

இதை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். தற்காப்புப் பேச நான் வரவில்லை. எதிர் வரிசையில் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிற கௌரியம்மாவும், அமைச்சரவையில் கூட்டுப் பொறுப்போடு உட்கார்ந்த கௌரியம்மாவும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. சின்னக் கட்சிக்கு அமைச்சர் பதவிதான் மூச்சு. அதை விட்டால் கட்சியே இருக்காது என்ற கணக்கு இருந்திருக்கும். 2006இல் அரூரில் ஏ.எம். ஆரிபிடம் தோற்றார், 2011இல் 92 வயதை நெருங்கும்போது சேர்த்தலையில் நின்று அதிலும் தோற்றார். கடைசிப் பத்துப் பதினைந்து வருஷ அரசியலை நான் பெருமையாகச் சொல்ல மாட்டேன்.

#16 | பொன்னி

1987 தொழில்துறையை யாரும் தொடல. திருவனந்தபுரம் டெக்னோபார்க், அதான் மென்பொருள் பூங்கா, அந்தத் திட்டம் அவங்க காலத்துலதான் உருவாச்சு. நிலம் பிரிச்சுக் கொடுத்தவங்கன்னு மட்டும் தெரிஞ்சவங்களுக்காகச் சொல்றேன். பொது ஊழியர் ஊழல் விசாரணைச் சட்டமும் 1987தான்.

அப்புறம் கடைசிக் காலம். 2019ல நூறாவது பிறந்தநாளுக்கு உறுப்பினர்கள் ஆலப்புழை போய்வரட்டும்னு சட்டமன்றத்துக்கே அன்னிக்கு லீவு விட்டாங்க. கட்சியை விட்டு நீக்கினவங்களே போய் வாழ்த்தினாங்க. 2021 மே 11ல 101 வயசுல போய்ச் சேர்ந்தாங்க. கொரோனா உச்சத்துல இருந்த நேரம், கூட்டம் கூட முடியல. ஆலப்புழை வலிய சுடுகாட்டுல எரிச்சாங்க, புன்னப்புரை வயலார் தியாகிகள் இருக்கிற அதே இடம். தாமஸும் அங்கதான்.

#17 | நாஞ்சிலான்

ஒரு சந்தேகம். 1996 விவாதத்தில் அவங்க என்ன பேசினாங்கன்னு முழுசா எங்க கிடைக்கும்? பத்திரிகைல ஒரு வரிதான் வருது, ஒரே ஒருத்தர் எதிர்த்தார்னு. காரணம் என்ன சொன்னாங்கன்னு பார்க்கணும்.

#18 | வக்கீல் குமாஸ்தா

கேரள சட்டமன்றம் பழைய சபை நடவடிக்கைகளை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. ஸ்கேன் செய்த பக்கங்கள், மலையாளம். தேடுபொறியை நம்பாதீர்கள், கூட்டத்தொடரையும் தேதியையும் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் கிடைக்கும். 1957 டிசம்பர் மசோதா அறிமுக உரையும் 1969 திருத்தத்தின் பிரிவுவாரி விவாதமும் அதே முறையில் தேடலாம். 1969ஐ நான் பார்த்துத் தருகிறேன்.

#19 | லயத்துக்காரன்

மலையாளம் எனக்கு நல்லா வாசிக்க வரும், இங்க பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். 1996 நான் பார்க்குறேன். ஆனா 1957ல தோட்டத்துக்கு விலக்குக் கொடுத்தப்ப சபையில யாராச்சும் ஒருத்தராவது எழுந்து கேட்டாங்களான்னு அதை முதல்ல தேடப் போறேன். தேவிகுளத்து உறுப்பினர் அன்னிக்கு என்ன பேசினாங்கன்னும். கிடைச்சதை இங்கயே போடுறேன், குமாஸ்தா ஐயா தமிழ்ல சரி பார்த்துக் கொடுங்க.